சைக்கிள் விளக்கின் கதை – நம்ம ஊர் இருட்டுக்காக ஒரு பதிவு

போன பதிவில் உப்பு வண்டிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு பழைய மாணவர், "சார், சைக்கிளில் அளத்துக்குப் போகிறவர்களைப் பற்றியும் எழுதுங்கள். விடியுமுன்னே அவர்கள் ரோட்டில் வருவதே கண்ணுக்குத் தெரியவில்லை" என்று கேட்டிருந்தார். அவர் லாரி தொழிலில் இருப்பவர். ஓட்டுகிறவர் பக்கத்திலிருந்து வந்த கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சற்று நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

சைக்கிள் விளக்குக்கு இரண்டு வேலை. ஒன்று, நமக்குப் பாதையைக் காட்டுவது. மற்றொன்று, நம்மை மற்றவர்களுக்குக் காட்டுவது. இதில் எது முக்கியம், அதற்கு யார் பொறுப்பு என்ற சண்டைதான் சைக்கிள் விளக்கின் வரலாறு. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை என்பதற்கு நம்ம திருச்செந்தூர் ரோடும் ஹார்பர் ரோடுமே சாட்சி.

தொடக்கத்தில் சைக்கிளில் எரிந்தது எண்ணெய் விளக்கு. 1870-களின் கடைசியில் பர்மிங்காமைச் சேர்ந்த ஜோசப் லூகாஸ் 'கிங் ஆஃப் தி ரோட்' என்ற விளக்கைச் செய்து விற்றார். அந்தக் காலத்து உயரமான சைக்கிளின் முன்சக்கரத்துக்குள், அச்சில் தொங்கும் விளக்கு அது. பேர்தான் ராஜா, வெளிச்சம் நம்ம வீட்டுச் சிம்னி அளவுதான். பிறகு கார்பைடு விளக்கு வந்தது. மாம்பழம் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாகப் போடுகிறார்களே, அதே கார்பைடு கல்தான். மேலே தண்ணீர், கீழே கல். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் அசிட்டிலீன் வாயு வரும், அதைப் பற்ற வைத்தால் பளிச்சென்ற வெள்ளை வெளிச்சம். நாற்றம் மட்டும் தாங்காது.

சட்டம் எப்போது வந்தது? 1888-ல் இங்கிலாந்தின் உள்ளாட்சிச் சட்டம் சைக்கிளையும் ஒரு வண்டியாக ஏற்றுக்கொண்டது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து, உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை விளக்கு எரிய வேண்டும், முந்தும்போது மணியடிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. நம்ம ஊரில் முனிசிபாலிட்டி விதிகளும் போலீஸ் விதிகளும் அதே வழியில் வந்தவைதான். சைக்கிளுக்கு வருஷா வருஷம் வரி கட்டி, தகர வில்லை வாங்கி மாட்டியது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ராத்திரியில் போலீஸ்காரர் கேட்பது இரண்டே குற்றம்: டபுள்ஸ், லைட் இல்லை. தூரத்தில் தொப்பி தெரிந்ததும் இறங்கி உருட்டிக்கொண்டு போவோம். காகிதக் கூட்டுக்குள் மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கையில் பிடித்தபடி ஓட்டியவர்களும் உண்டு. வெளிச்சத்துக்காக இல்லை, போலீஸுக்காக!

அடுத்து வந்ததுதான் டைனமோ. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1923-ல் சைக்கிள் டைனமோ விளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம்ம பக்கம் 'மில்லர்' என்றாலே டைனமோதான். அதுவும் பர்மிங்காம் கம்பெனியின் பெயர். 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் வரத் தொடங்கிய பின், டைனமோ வைத்த சைக்கிள் மாப்பிள்ளைக்குத் தரும் சீராகவே ஆனது. 1974-ல் நம்ம துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1975-ல் ஸ்பிக் உற்பத்தியைத் தொடங்கியது. 1979-ல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. நைட் ஷிஃப்ட் முடிந்து முத்தையாபுரம் பக்கம் வரிசையாக வந்த டைனமோ வெளிச்சங்கள் என் தலைமுறைக்கு மறக்காது.

ஆனால் டைனமோவில் ஒரு குறை உண்டு. சக்கரம் சுற்றினால்தான் விளக்கு. நாம் நின்றால் அதுவும் அணைந்துவிடும். ரோட்டின் நடுவில் திரும்புவதற்காகக் காத்து நிற்கும்போதுதானே பின்னால் வருகிறவனுக்கு நாம் தெரிய வேண்டும்? சரியாக அந்த நேரத்தில் இருட்டு.

இந்தப் 'பின்னால்' என்பதில்தான் பெரிய சண்டையே. மோட்டார் வண்டி பெருகியதும், சைக்கிளுக்குப் பின்பக்கமும் சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும் என்று இங்கிலாந்தில் குரல் எழுந்தது. அங்கிருந்த சைக்கிள் ஓட்டிகள் சங்கமோ அதை எதிர்த்தது! காரணம் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். "தன் விளக்கின் வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் ஓட்டுவது பின்னால் வருகிறவன் கடமை. இன்று எங்களிடம் விளக்குக் கேட்பவன், நாளை இடித்துவிட்டு 'விளக்கு இல்லை, அதனால் தெரியவில்லை' என்று தப்பித்துக்கொள்வான்" என்றார்கள். 1934-ல் ஒரு சமரசம் ஏற்பட்டது: பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் மட்கார்டில் வெள்ளைப் பட்டையும் இருந்தால் போதும். நம்ம பழைய கறுப்பு சைக்கிள்களின் பின் மட்கார்டு நுனியில் ஏன் வெள்ளை பெயிண்ட் என்று வகுப்பில் கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

பிறகு போர் வந்தது. 1939-ல் குண்டுவீச்சுக்குப் பயந்து அங்கே தெருவிளக்கையெல்லாம் அணைத்தார்கள். வண்டி விளக்குகளுக்கும் மூடி போட்டார்கள். சைக்கிளுக்குப் பின்விளக்கு கட்டாயமானது. 1941-ல் பிரிட்டனில் சாலையில் செத்தவர்கள் 9,169 பேர். இன்றுவரை அந்த நாட்டில் எந்த வருஷத்திலும் அவ்வளவு பேர் சாலையில் சாகவில்லை. போர் முடிந்ததும் 1945-ல் பின்விளக்கு நிரந்தரச் சட்டமானது. சங்கம் தோற்றது. ஆனால் அது கேட்ட கேள்வி தோற்கவில்லை.

அந்தக் கேள்விக்கு நம்ம கடலில் பதில் இருக்கிறது. 1848-லேயே பிரிட்டன் நீராவிக் கப்பல்களுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்று விளக்கைக் கட்டாயமாக்கியது. இன்று உலகம் முழுக்கச் செல்லுபடியாவது 1972-ல் உருவான மோதல் தடுப்பு விதிகள். அதில் சூரியன் மறைந்தது முதல் உதிக்கும்வரை விளக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி. எல்லாக் கப்பலும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கவனித்துக்கொண்டே வரவேண்டும் என்று இன்னொரு விதி. துடுப்புப் போடும் சின்ன வள்ளத்தையும் அது மறக்கவில்லை. முழு விளக்கு வைக்க வசதியில்லையா, ஒரு டார்ச்சையாவது கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள், மோதலைத் தவிர்க்கும்படி முன்கூட்டியே காட்டு என்கிறது. சின்னவன் தன்னைக் காட்ட வேண்டும், பெரியவன் பார்த்து வரவேண்டும். இரண்டும் கடமை. ஒன்று இல்லையென்றால் மற்றொன்று ரத்தாகிவிடாது. திரேஸ்புரம் மீனவருக்கும் துறைமுகத்துக்கு வரும் கப்பல் கேப்டனுக்கும் தெரிந்த இந்த நியாயம் நம்ம ரோட்டுக்கு மட்டும் ஏன் வரவில்லை?

என் கணிப்பைச் சொல்கிறேன். வசதி வந்தவர்கள் மொபெட்டுக்கும் பைக்குக்கும் மாறினார்கள். சைக்கிள் வரியும் வில்லையும் போயின. 'லைட் எங்கே?' என்று கேட்ட போலீஸ்காரரும் அந்தக் கேள்வியை மறந்துவிட்டார். 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் வரும் புது பைக்குகளில் பகலிலும் விளக்கு தானாக எரிகிறது. சைக்கிளிலோ ராத்திரியிலும் எரிவதில்லை. இன்று இருட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர் யார்? வெயிலுக்குமுன் வேலையை முடிக்க விடியுமுன்னே அளத்துக்குப் போகிறவர், வாட்ச்மேன், பால்காரர், டியூஷன் முடிந்து வரும் பிள்ளை. அவர்களுக்காகப் பேச சங்கம் கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கும். டிரைவர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க 2 நொடி என்றால் 34 மீட்டர் போயாயிற்று. அதற்கப்புறம்தான் பிரேக்கே பிடிக்கத் தொடங்கும். கறுப்புச் சட்டையோடு விளக்கில்லாமல் போகிறவர் லோ பீமில் கண்ணில் படும்போது, பெரும்பாலும் அந்தத் தூரம் மிச்சமிருக்காது.

நல்ல செய்தி என்னவென்றால், விளக்கு இப்போது மலிவு. சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்தது. பிரகாசமான நீலம் 1993-ல் வந்த பிறகுதான் வெள்ளை எல்.இ.டி. சாத்தியமானது. அதற்கு ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இன்று ஒரு பிரியாணிக்கு ஆகும் காசில் பின்விளக்கு கிடைக்கிறது. வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

• ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பின்பக்கச் சிவப்பை முதலில் வாங்குங்கள். ஆபத்து பின்னால் இருந்து வருகிறது.

• கேரியரில் பை, கேன், தூக்குச்சட்டி வைப்பவர்கள் விளக்கைக் கேரியரின் பின் விளிம்பில் மாட்டுங்கள். சீட்டுக்குக் கீழே மாட்டினால் சாமான் மறைத்துவிடும்.

• மினுக்கும் விளக்கு சீக்கிரம் கண்ணில் படும். நின்று எரியும் விளக்கில்தான் தூரம் பிடிபடும். இரண்டு விளக்கு இருந்தால் ஒன்று மினுக்கட்டும், ஒன்று நின்று எரியட்டும்.

• முன்விளக்கைத் தரையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். எதிரில் வருபவர் கண்ணைக் கூசினால் ஆபத்து நமக்கும்தான். தலையில் மாட்டும் டார்ச் அளத்து வேலைக்கு நல்லது. ஆனால் அது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

• ரிஃப்ளெக்டர் தானாக எரியாது, பட்ட வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அதனால் விளக்குக்குத் துணைதான், பதில் அல்ல. பெடலில் இருக்கும் ரிஃப்ளெக்டரைக் கழற்றாதீர்கள். மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்ததும் 'சைக்கிள்' என்று டிரைவருக்குப் புரிந்துவிடும்.

• பளபளக்கும் மஞ்சள் பனியன் பகலுக்குத்தான். ராத்திரிக்கு அதில் வெள்ளிப் பட்டை இருக்க வேண்டும்.

• நம்ம ஊர் உப்புக்காற்றில் பேட்டரி ஸ்பிரிங் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். ரப்பர் மூடி இறுக்கமாக உள்ளதை வாங்கி, வாரம் ஒருமுறை துடைத்து வையுங்கள்.

இது சைக்கிளில் போகிறவருக்கு மட்டும் சொன்னதல்ல. என்னிடம் படித்தவர்களில் லாரி உரிமையாளர்கள் இருக்கிறீர்கள், அளம் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், காவல் துறையிலும் இருக்கிறீர்கள். லாரிக்காரர்களே, உங்கள் டிரைவரிடம் விடியற்காலை வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள். அளத்துக்காரர்களே, இந்தத் தீபாவளிக்கு இனிப்போடு ஆளுக்கு ஒரு சிவப்பு விளக்கும் கொடுங்கள். காவல் துறைப் பிள்ளைகளே, அபராதம் வேண்டாம். விளக்கில்லாத சைக்கிளை நிறுத்தி ஒரு வெள்ளிப் பட்டை ஒட்டி அனுப்புங்கள்.

டைனமோ, வில்லை, போலீஸுக்குப் பயந்து உருட்டிய கதை யாரிடமாவது இருந்தால் கீழே எழுதுங்கள். யாராவது விளக்கு வாங்கி மாட்டினால் அதையும் எழுதுங்கள், சந்தோஷப்படுவேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்