கப்ரு இல்லாத பெயர்கள்

ஷஅபான் மாதத்துப் பராஅத் இரவில், மஃரிபு தொழுகைக்குப் பின் யாசீன் ஓதி, மறைந்த முன்னோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் துஆ கேட்பது நம் கொங்கு நாட்டு முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் நெடுநாளைய வழக்கம். ஈரோட்டில் நமக்கு அறிமுகமான ஓர் இல்லத்தில் அந்தப் பெயர் வரிசையில் ஒரு பெயர் மட்டும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேராமலே நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையில் சேர்ந்து பர்மாப் பக்கம் சென்ற ஓர் இளைஞரின் பெயர் அது. வீட்டுக்கு வந்த கடைசிச் செய்தி, அவரைக் காணவில்லை என்ற ஒரே வரித் தந்தி. அதற்குப் பின் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை.

அவருடைய தாயார் தம் ஆயுள் உள்ளவரை அந்தப் பெயரை இறந்தோர் வரிசையில் சொல்ல ஒருவரையும் அனுமதிக்கவில்லை. “மையித்தைக் கண்ணால பார்க்காம, எம் புள்ளை பேரை மௌத்தானவங்களோட எப்படிச் சொல்லுவீங்க?” என்பது அவருடைய ஒரே கேள்வி. அத்தாயும் போய்விட்டார், இளைஞரின் தங்கையும் போய்விட்டார். தங்கையின் மகள் இன்று முதியவர். அவர் நம்மிடம் கேட்டார்: “தம்பி, எங்க மாமா பேரை இனி நான் எந்த வரிசையில சொல்லட்டும்? எனக்குப் பின்னால சொல்ல ஆளே இல்லையே.”

அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, அது அந்த ஓர் இல்லத்தின் கேள்வி அன்று என்பது நமக்குப் புலனாயிற்று. உலகின் பல மூலைகளில் பல குடும்பங்கள் இதே கேள்வியைச் சுமந்திருக்கின்றன. அவற்றுள் சில, விடையையும் கண்டிருக்கின்றன.

சாட்சி மிஞ்சாத மரணம்

தரைப்படையில் மடிந்த வீரனைப் பற்றி அவனருகில் நின்ற தோழன் எவனாவது ஊர் திரும்பிச் சொல்வான். மூழ்கிய கப்பலிலிருந்து கரையேறியோரும் சிலர் இருப்பர். குண்டுவீச்சு விமானத்தின் நிலை வேறு. லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் கொண்ட பெருவிமானத்தில் விமானி, துணை விமானி, வழி கணிப்பவர், குண்டு குறிபார்ப்பவர், கம்பியில்லாத் தந்தியாளர், துப்பாக்கி இயக்குவோர் என எட்டுப் பேர் முதல் பத்துப் பேர் வரை செல்வர். அது காட்டிலோ கடலிலோ வீழ்ந்தால் பெரும்பாலும் அனைவருக்கும் ஒரே விதி. தளத்தில் உள்ளோர், எரிபொருள் தீர்ந்திருக்கும் என்று கணக்கிடும் நேரம் வரை காத்திருப்பர். பிறகு பதிவேட்டில் ‘திரும்பவில்லை’ என்று எழுதுவர். வீட்டுக்கு வந்து சேர்வது அந்த ஒரு சொல்தான்.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் உயிரிழந்தனர். கப்ரு எங்கே என்று அறியப்படாத விமானப் படையினர் 20,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள், லண்டனுக்கு மேற்கே ரன்னிமீடு என்னுமிடத்தில் 1953-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நினைவகத்தின் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன.

நம் பக்கத்துப் போர்முனையும் இதற்குக் குறைந்ததன்று. 1942-ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், சீனாவுக்குச் செல்லும் தரைவழி அடைபட்டது. ஆகவே அஸ்ஸாமிலிருந்து இமயத்தின் கீழைத் தொடர்களைத் தாண்டிச் சீனத்துக் குன்மிங் நகருக்கு வான்வழியே பொருள்கள் கொண்டு செல்லப்பட்டன. அம்மலைத் தொடரை விமானிகள் ‘திமில்’ என்றே அழைத்தனர். இறக்கையில் உறையும் பனி, திடீர்க் காற்று, சரியான வரைபடமின்மை ஆகிய காரணங்களால் போர் முடிவதற்குள் அவ்வழியில் ஏறத்தாழ 600 விமானங்கள் அழிந்தன. 1,600க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர்.

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் நிறுவப்பட்ட இந்திய விமானப் படை, 1933-ஆம் ஆண்டில் கராச்சியில் நான்கே விமானங்களோடு தன் முதல் அணியைத் தொடங்கியது. போர்க் காலத்தில் அது விரைந்து வளர்ந்தது. அதன் 7-ஆம், 8-ஆம் அணிகள் ‘வெஞ்சன்ஸ்’ என்னும் இருவர் செல்லும் குண்டுவீச்சு விமானங்களுடன் அரக்கானிலும் இம்பால் முனையிலும் பங்கேற்றன. அந்நாளில் நம் சூலூரிலும் விமானத் தளம் எழுந்தது. பிரிட்டிஷ் கடற்படை விமானங்களைப் பழுதுபார்க்கும் நிலையம் கோவையில் இயங்கியது. போர் நமக்குத் தொலைவில் நடந்ததன்று. நம் தலைக்கு மேலேயே பறந்து சென்றது.

தம்ரோ மலையில் கிடைத்த விடை

1944-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள், குன்மிங்கிலிருந்து அஸ்ஸாமின் சபுவா தளத்தை நோக்கி அமெரிக்க லிபரேட்டர் ஒன்று எட்டுப் பேருடன் புறப்பட்டது. அது வந்து சேரவில்லை. தேடினர், கிடைக்கவில்லை. போர் முடிந்தது, பெற்றோர் மறைந்தனர், உடன்பிறந்தோர் முதுமை எய்தினர்.

2006-ஆம் ஆண்டில் கிளேட்டன் கூல்ஸ் என்னும் அமெரிக்க மலையேறி, அவ்வட்டார மக்களின் துணையோடு அருணாசலப் பிரதேசத்தின் தம்ரோ ஊருக்கருகில் ஒரு விமானச் சிதைவைக் கண்டார். விமானத்தின் பெயர் அதன் உடைந்த பகுதியில் இன்னும் படிக்கும்படியாக இருந்தது. எட்டுக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் ஒருவரையொருவர் தேடி அறிந்தனர். அரசுகளுக்கு எழுதிய வண்ணம் இருந்தனர். மீட்புப் பணி தொடங்கி, இடையே பல ஆண்டுகள் தடைபட்டு, 2015-ஆம் ஆண்டில் மீண்டும் நடைபெற்றது. கிடைத்த எச்சங்கள் 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் புதுடெல்லியில் மரியாதையுடன் வழியனுப்பப்பட்டன. எண்மருள் ஒருவரான ராபர்ட் ஆக்ஸ்போர்டு என்பவரை மரபணுச் சோதனை முதலியவற்றின் துணையால் அடையாளம் கண்டு, 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அவருடைய சொந்த ஊரான கன்கார்டில் அடக்கம் செய்தனர். புறப்பட்டுச் சென்று எழுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் ஊர் திரும்பினார்.

இத்தகைய சோதனைகளில் தாய் வழியாக மட்டுமே இறங்கிவரும் மரபணு பெரிதும் உதவுகிறது. ஒருவரின் தாய்வழி மரபணு அவருடைய சகோதரியிடமும், சகோதரியின் பிள்ளைகளிடமும் அப்படியே இருக்கும். நம் ஈரோட்டு அம்மையார் ‘எங்க மாமா’ என்று உரிமையோடு சொன்ன அந்த உறவே, அறிவியலும் ஏற்கும் சாட்சியாகிறது.

முதல் விடை தவறாகவும் கூடும்

தேடுவோர் பொறுமை காக்க வேண்டும் என்பதற்கு நூர் இனாயத் கானின் வரலாறு சான்று. நம் கொங்குச் சீமையையும் ஒரு காலத்தில் ஆண்ட திப்பு சுல்தானின் வழித்தோன்றல் அவர். பிரிட்டிஷ் விமானப் படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து, குண்டுவீச்சுப் பயிற்சி நிலையம் ஒன்றில் கம்பியில்லாத் தந்திப் பணி புரிந்தார். பின்னர் இரகசியப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1943-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜெர்மானியரின் பிடியிலிருந்த பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அவர் கைதானபின் என்ன ஆனார் என்பது போர் முடியும் வரை வெளிவரவில்லை.

போருக்குப் பின் நடந்த முதல் விசாரணையில், அவர் நாட்ஸ்வைலர் முகாமில் கொல்லப்பட்டதாகக் கருதப்பட்டது. அங்கே மாண்டவர் வேறொரு பெண்மணி என்பதும், நூர் 1944-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் டாக்காவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதும் மேலும் விசாரித்த பின்னரே தெளிவாயிற்று. 1949-ஆம் ஆண்டில் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது அறிவிக்கப்பட்டது. கப்ரு இல்லாத அவருடைய பெயரும் ரன்னிமீடு சுவரில் இருக்கிறது. சான்றோடு உறுதியாகும் வரை, கையில் கிடைத்த முதல் தாளையே முடிவாகக் கொள்ளலாகாது என்பது இதனால் விளங்கும்.

‘மஃப்கூது’ என்னும் நிலை

காணாமற் போனவரை நம் ஃபிக்ஹு நூல்கள் ‘மஃப்கூது’ என்று வழங்கும். அவர் இறந்தவர் என்று தீர்ப்பாகும் வரை அவருடைய சொத்தைப் பங்கிடலாகாது. பிறரிடமிருந்து அவருக்கு வரவேண்டிய வாரிசுப் பங்கையும் நிறுத்தி வைத்தல் வேண்டும். ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பு, அவருடைய வயதொத்தோர் அனைவரும் மறையும் காலம் வரை காத்திருக்கச் சொல்லும். கணவனை இழந்தாளா இல்லையா என்று அறியாத இளம் மனைவிக்கு இது ஓர் ஆயுள் சிறையாயிற்று. ஆகவே 1930-களின் தொடக்கத்தில் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி முதலிய ஹனஃபி ஆலிம்களே மாலிகி மத்ஹபின் நான்காண்டு வரம்பை ஏற்கலாம் என்று எழுதினர்.

அதன் பயனாக, போர் மூளுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 1939-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நான்கு ஆண்டுகள் கணவனின் இருப்பிடம் தெரியாவிடில் மனைவி நீதிமன்றத்தில் விடுதலை கோரலாம் என்பது அதன் முதற் காரணம். அத்தீர்ப்பும் ஆறு மாதங்கள் கழிந்த பின்னரே செயலுக்கு வரும். அதற்குள் கணவன் திரும்பி வந்து இல்லறக் கடமைகளை நிறைவேற்ற ஆயத்தமாயிருப்பதை நீதிமன்றம் ஏற்கச் செய்தால் தீர்ப்பு நீக்கப்படும். நம்பிக்கைக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தே சட்டம் எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால், தாய்க்கு நான்காண்டு வரம்பு ஏது? எந்த நீதிமன்றம் அவளுக்குத் தீர்ப்பளிக்கும்? ஜனாஸா முன்னிருக்க வேண்டும் என்பது ஹனஃபி வழக்கு. ஷாஃபியீ மத்ஹபினர், அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷிக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுவித்ததைக் கொண்டு, தொலைவில் இறந்தவர்க்கும் தொழுவர். எனினும் இறந்தது உறுதியானால்தானே தொழுகை?

எங்கே தேடுவது?

வீட்டிலிருந்து தொடங்குக. பழைய டிரங்குப் பெட்டியில் உள்ள மணியார்டர் துண்டு, போர்முனைக் கடிதத்தின் உறை, பதக்கப் பெட்டி ஆகியவற்றில் படை எண் இருக்கலாம். அப்துல் ரஹ்மானும் முஹம்மது இஸ்மாயீலும் பல நூறு பேர் இருப்பர். படை எண்ணோ ஒருவருக்கே உரியது.

பெயரை ஒரே எழுத்துக் கூட்டில் தேடி ஏமாற வேண்டா. முஹம்மது என்னும் ஒரு பெயரையே படை எழுத்தர்கள் ஆங்கிலத்தில் பலவாறு எழுதினர். ராவுத்தர், சாயபு என்னும் பட்டங்களே இயற்பெயராகப் பதிவாகியிருக்கவும் கூடும். ஊரையும் ஈரோடு என்று மட்டும் தேடலாகாது. 1979-ஆம் ஆண்டில் பெரியார் மாவட்டம் பிரியும் வரை ஈரோடு கோவை மாவட்டத்தில் இருந்தது. ஆகவே ‘கோயம்புத்தூர், மதராஸ்’ என்று எழுதியிருப்பர்.

1917-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பதிவேட்டை இன்று கணினி வழியே எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். கீழைப் போர்முனையில் கப்ரு அறியப்படாத விமானப் படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் உள்ளன. அங்கே பொறிக்கப்பட்ட பெயர்கள் 24,000க்கும் மேல். பர்மாவில் மடிந்த தரைப்படையினரில் ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் ரங்கூனுக்கு வடக்கே தௌக்யான் நினைவகத்தில் உள்ளன. பிரிட்டிஷ் விமான அணிகளின் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எந்த நாள், எந்த விமானம், எவரெவர் சென்றனர், எவர் திரும்பவில்லை என்பன அவற்றில் கிடைக்கும்.

கல்லில் பெயர் இல்லையென்றால் அந்த மனிதரே இல்லை என்று பொருளாகாது. முதல் உலகப் போரில் உயிர் துறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் பலரின் பெயர்கள் மற்றவர்களுக்கு இணையாகப் பொறிக்கப்படவில்லை என்பதை அவ்வாணையமே 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. கேட்பவர் இருந்தால்தான் விடுபட்ட பெயர் ஏட்டில் ஏறும்.

எந்த வரிசையில்?

நாம் இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது, அந்த அம்மையார் உள்ளே சென்று ஒரு துணிமுடிச்சைக் கொண்டு வந்தார். அதில் மடிப்பு வழியே கிழிந்துபோன மணியார்டர் துண்டு ஒன்றும், அதில் மங்கிய மையில் ஓர் எண்ணும் இருந்தன. தேடல் அந்த எண்ணிலிருந்து தொடங்கியிருக்கிறது.

அவருடைய கேள்விக்கு நாம் அளித்த விடை இது. நம் ஜனாஸாத் தொழுகையின் துஆவில் உயிரோடிருப்போர்க்கும் இறந்தோர்க்கும், இங்கிருப்போர்க்கும் இங்கில்லாதோர்க்கும் சேர்த்தே பாவமன்னிப்புக் கேட்கிறோம். ‘இல்லாதோர்’ என்று ஓர் இடத்தை மார்க்கம் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருக்கிறது. மாமாவின் பெயரை அந்த இடத்தில் சொல்லலாம். மௌத்து என்று நாம் முந்திக்கொண்டு முடிவு செய்ய வேண்டுவதில்லை. பெயரை விழுங்கி மௌனமாக இருக்கவும் வேண்டுவதில்லை.

அந்த ஆண்டுப் பராஅத் இரவில் அப்பெயர் அவ்வீட்டில் முதன்முறையாக ஒலித்தது. நம் வாசகர் இல்லங்களிலும் இத்தகைய பெயர் ஒன்று இருக்குமாயின், அதை அறிந்த கடைசி முதியவர் இருக்கும்போதே கேட்டு, படை எண்ணோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கப்ரு இல்லாதவர்க்கு அவர் பெயர்தான் கப்ரு. அதைப் பேணுவது உயிரோடிருப்போரின் கடன்.