வண்டலூரில் பிறந்த ஹெரால்டும் ஒரகடத்தில் கேட்ட சத்தமும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரகடத்தில் என் பழைய மாணவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கார் தொழிற்சாலையில் கியர்பாக்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறான். வாசலில் அவன் தாத்தா விட்டுப்போன ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் தூசி படிந்து நின்றது.

"கியர்பாக்ஸ் போயிடுச்சாம் சார். ரிவர்ஸ் போட்டா கரகரன்னு சத்தம். வேற கியர்பாக்ஸ் கிடைக்காதுன்னு பட்டறையில சொல்லிட்டாங்க. எடைக்குப் போட்டுடலாம்னு அப்பா சொல்றார்" என்றான். தாத்தா மடியில் உட்கார்ந்து போன வண்டி. சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

"இந்த வண்டி எந்த ஊரில் செய்தது, தெரியுமா?" என்று கேட்டேன். இங்கிலாந்து என்றான். வரலாற்று வாத்தியாருக்கு வருத்தமாக இருக்காதா?

அவன் தினமும் வேலைக்குப் போகும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் அந்த முனைக்குப் பக்கத்தில், பெருங்களத்தூர்–வண்டலூர் பகுதியில், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் இருந்தது. 1961-ல் ஹெரால்ட் அங்கே உருவாகத் தொடங்கியது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்ட், 1959-ல் வந்த வண்டி. வடிவம் கொடுத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். உடம்பு ஒரே கூடு அல்ல. தனி சேஸிஸ் மீது பகுதி பகுதியாக போல்ட் போட்டுப் பூட்டியது. பெட்டியில் பாகங்களை வரவழைத்துப் பூட்டத் தொடங்கி, மெல்ல மெல்ல உள்ளூரிலேயே செய்து பழக வேண்டியிருந்த நம்மைப் போன்ற நாட்டுக்கு அது வசதி. அந்த 1960களில்தான் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா போன்ற உதிரிபாகத் தொழிற்சாலைகளும் வந்தன. அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட் என்று மூன்றே கார்கள் ஓடிய காலம். அதில் ஒன்று நம் ஊர்ப் பிள்ளை.

சரி, கியர்பாக்ஸுக்கு வருகிறேன். படப்பையில் எனக்குத் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். கூப்பிட்டதும் வந்துவிட்டார். கருவிப் பையைத் திறக்கவே இல்லை.

முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி போல விழுந்தது. அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுதாக மிதித்து, சில வினாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டார். கரகர. பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்துவிட்டு மறுபடி போட்டார். சத்தமில்லாமல் விழுந்தது!

"கியர்பாக்ஸ் கத்துது சார். ஆனா அடிக்கிறது அது இல்ல" என்றார்.

அவர் சொன்னதை என் பாணியில் விளக்குகிறேன். பெடலை மிதித்தால் கிளட்ச் தட்டு இன்ஜினை விட்டுப் பிரிந்து, கியர்பாக்ஸுக்குள் போகும் சுழற்சி நிற்க வேண்டும். சரியாகப் பிரியாவிட்டால் உள்ளே பல்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், ரிவர்ஸ் போட்டால் பற்கள் உரசும். இரண்டு தடவை மிதித்தால் சரியாகிறது என்றால் கோளாறு ஆயில் அழுத்தத்தில். ஹெரால்டில் கிளட்ச்சை இயக்குவது கம்பி அல்ல, ஆயில். குழாயில் காற்று புகுந்திருக்கலாம், ரப்பர் சீல் தேய்ந்திருக்கலாம். குனிந்து ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைப் புரட்டினார். உள்ளே ஈரம். அத்தனை வருடத்து ரப்பர், வயசாகிவிட்டது, அவ்வளவுதான்.

கையோடு இன்னும் சில பாடங்களும் எடுத்தார். ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, மேல் கியரில் போட்டு, மெல்ல கிளட்ச்சை விட்டால் இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் தட்டு வழுக்குகிறது. பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் சத்தம் கேட்டு, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங். வண்டி உருளும்போது முதல் கியர் போட்டுக் கரகரத்தால் அது நோயே அல்ல. ஹெரால்டின் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது, நின்ற பிறகுதான் போட வேண்டும்.

என் மாணவன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். "எங்க லைன்ல இதையெல்லாம் மிஷினே சொல்லிடும் சார்" என்றான்.

வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஹெரால்டின் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஆடும் ஸ்விங் ஆக்சில் அமைப்பு கொண்டவை. நம் மெக்கானிக்குகளுக்கு அது பழக்கமில்லை, தொல்லைகளும் வந்தன. அதனால் 1970களின் தொடக்கத்தில் வந்த கஸல் காரில், அதே 948 சி.சி. இன்ஜினை வைத்துக்கொண்டு, லாரியிலும் அம்பாசடரிலும் பார்த்துப் பழகிய முழு ஆக்சிலுக்கு மாறினார்கள். கோவென்ட்ரியில் வரைந்த வண்டியைச் சாலையோரப் பட்டறைக்காரர்களின் கைப்பழக்கம் திருத்தி எழுதியது. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் நடத்தியதில்லை. நடத்தியிருக்க வேண்டும்.

கஸல் 1977-ல் நின்றது. 1985-ல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 நிலைக்கவில்லை, 1988-ல் கார் உற்பத்தியே முடிந்தது. எத்தனை குடும்பங்களின் சம்பளம் அதோடு நின்றிருக்கும்! 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று பிறகு வந்தவற்றை நீங்களே பார்த்தீர்கள். சென்னையின் கார் கதையை 1996-ல் தொடங்கிச் சொல்கிறவர்களிடம் வண்டலூரை நினைவுபடுத்துங்கள்.

மறுநாள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தேடி, பொருந்தும் சீல் வாங்கி வந்தான். பெரியவர் மாட்டினார், பெடலை மிதித்து மிதித்துக் குழாயிலிருந்த காற்றை எடுத்தார்கள். செலவு சில நூறு ரூபாய். சாயங்காலம் மாணவனின் அப்பாவே ஓட்டினார், வாசலிலிருந்து ரிவர்ஸில்! சத்தமில்லை. எடைக்குப் போடும் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

மாணவன் இப்போது ஞாயிறுதோறும் படப்பைக்குப் போய்ப் பெரியவரிடம் கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வருகிறான். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த அதே பையன்தான்!

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஹெரால்ட், கஸல் இருந்ததா? வண்டலூர் தொழிற்சாலையில் வேலை பார்த்த தாத்தா, மாமா, சித்தப்பா யாராவது உண்டா? அவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்