வாசிக்காத ஆண்டுகள்

சாக்சபோன் என்றதும் தமிழர் செவியில் எழுவது, 1994இல் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தில் கத்ரி கோபால்நாத் வாசித்த இசையே. அவர் கையாண்டது ஆல்டோ வகை. டெனர் வகையோ அதனினும் பெரியது. ஆண்குரலை ஒத்த கீழ்ச்சுருதி உடையது. நாகசுரத்தின் சீவாளி போல இதற்கும் நாணல் நாக்கு உண்டு. அங்கே இரட்டை, இங்கே ஒற்றை. அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸ் இசையில் தலைமைக் குரல்களுள் ஒன்றாக இக்கருவி உயர்ந்தது. அதனை வாசித்தோருள் சோனி ராலின்ஸின் வரலாறு கவிஞர்கள் அறியத்தக்கது.

1930இல் நியூயார்க்கில் பிறந்த ராலின்ஸ், இளமையில் போதைக்கு ஆட்பட்டுச் சிறையும் கண்டவர். 1955இல் மருத்துவம் பெற்று மீண்டார். மறு ஆண்டிலேயே ‘சாக்சபோன் கொலோசஸ்’ என்னும் இசைத்தட்டு அவரைப் புகழின் உச்சியில் நிறுத்தியது.

1959இல் அவர் மேடையை விட்டு விலகினார். தம் புகழுக்குத் தம் வித்தை ஈடாகவில்லை என்று அவருக்கே தோன்றியதுதான் காரணம். அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டில் ஒரு பெண் கருவுற்றிருந்தார். அவருக்கு இடையூறு நேரலாகாதென எண்ணிய ராலின்ஸ், கருவியுடன் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குச் சென்றார். ஒருபுறம் தொடர்வண்டிகள், கீழே ஆறும் படகுகளும். கோடையிலும் பனியிலும், சில நாள்களில் 15 மணி நேரம் வரையிலும், அங்கேயே சாதகம் செய்தார். வெடியோசையை விற்று வாழும் ஊரினராகிய நமக்கு, ஓசையைப் பிறர்க்குத் தொல்லையென எண்ணி அகற்றிச் சென்ற இச்செயல் சற்று விந்தையாகவே தோன்றும்!

1961இல் மேடைக்குத் திரும்பினார். 1962இல் வந்த ‘தி பிரிட்ஜ்’ இசைத்தட்டில் புரட்சி ஏதும் இல்லையெனத் திறனாய்வாளர் சிலர் குறைபட்டனர். அவர் புதுமை தேடிப் பாலமேறவில்லை என்பதை அவர்கள் உணரவில்லை என்றே கருதுகிறேன்.

அவருடைய தோழரும் டெனர் வாசிப்பில் இணையானவருமாகிய ஜான் கோல்ட்ரேன், 1961இல் ‘இந்தியா’ என்று பெயரிட்டு ஓர் இசைப்படைப்பை வாசித்தார். தம் மகனுக்குப் பண்டிட் ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயர் வைத்தார். இந்நாட்டைக் காணாமலே 1967இல், 40 வயதில் மறைந்தார். ராலின்ஸ் வந்தார். 1960களின் இறுதியில் பம்பாயை அடுத்த பொவாயில் சுவாமி சின்மயானந்தரின் ஆசிரமத்தில் சில மாதங்கள் தங்கி யோகமும் வேதாந்தமும் பயின்றார். கண்மூடி அமர்ந்தால் மனம் அடங்கவில்லை என்று அவர் முறையிட, வாசிப்பதே உமக்குத் தியானம் என்னும் கருத்துப்பட விடை கிடைத்ததாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். நாதோபாசனை என்று தியாகையர் மரபில் வழங்குவதும் இதுவே அன்றோ!

1972இல் மீண்டும் இசைத்தட்டு வெளியிட்டார். 1978இல் பம்பாயில் நடந்த முதல் ஜாஸ் யாத்ரா விழாவில், இம்முறை மாணவராக அன்றிக் கலைஞராக வந்து வாசித்தார். 2012க்குப் பின் அவர் பொதுமேடையில் வாசிக்கவில்லை. நுரையீரல் நோய் மூச்சைக் கெடுத்தமையால், 2014இல் வாசிப்பையே கைவிட நேர்ந்தது. முன்னைய இரு மௌனங்களைப் போல் இது அவர் தேர்ந்துகொண்டதன்று.