அணையா விளக்கும் அதனைக் காத்த கைகளும்

புத்தளம் மாவட்டத்தின் வரைபடத்தை விரித்து நோக்குவோமாயின், வடதிசை நோக்கி நீண்டு கடலினுட் புகுந்து நிற்கும் ஒடுங்கிய நிலப்பகுதி ஒன்று கண்ணிற் படும். அதுவே கற்பிட்டித் தீபகற்பம். கிழக்கே புத்தளக் கடல்நீரேரி. மேற்கே அலை ஓயாத பெருங்கடல். அம்மேற்குக் கரையிலுள்ள மீனவர் ஊர்களுள் ஒன்று கண்டக்குழி. இதே தீபகற்பத்தின் தென்பாகத்தில், நுரைச்சோலை என்னுமிடத்தில், 2011-ஆம் ஆண்டு தொழிற்படத் தொடங்கிய அனல்மின் நிலையம் அமைந்துள்ளது. மூன்று தொகுதிகளுங் கூடி 900 மெகாவாட் ஆற்றலுடைய அந்நிலையத்தின் மின்சாரம் நாடெங்குஞ் செல்கின்றது.

ஆயினும், இக்கரையோரத்து இந்து இல்லங்களிலும், தெற்கே உடப்பிலும் முன்னேசுவரத்திலும் உள்ள கோயில்களிலும், அந்தி சாயும் வேளையில் எண்ணெய் விளக்கு ஏற்றும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. மின்விளக்குப் பளிச்சென்று எரியும் அறையிலேயே பித்தளை விளக்கின் சிறு சுடரும் நிற்கின்றது. அது வெளிச்சத்திற்காக ஏற்றப்படுவதன்று என்பது வெளிப்படை. எனின், எதற்காக ஏற்றப்படுகின்றது? விளக்கின் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்தால் இவ்வினாவிற்கு விடை கிடைக்கும்.

அந்தி விளக்கு வழிபாடு தமிழரிடையே மிகத் தொன்மையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, மழைக்காலத்து மாலையொன்றைச் சித்திரிக்கின்றது. வானம் மூடிக்கிடந்தமையால் பொழுதை அறிய இயலாத மகளிர், தட்டில் இட்ட மலரரும்பு விரிந்ததைக் கொண்டு மாலை வந்ததென உணர்ந்து, இரும்பினாற் செய்த விளக்கை ஏற்றி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுதனர் என்று அப்பாட்டால் அறிகின்றோம். அரண்மனையிலோ, யவனர் செய்த பாவை தன் கையில் ஏந்திய அகல் எரிந்தது. ஆகவே, மாலையில் விளக்கேற்றித் தொழும் வழக்கம் சங்க காலத்திலேயே வேரூன்றியிருந்தது.

விளக்கின் உலோகம் காலந்தோறும் மாறி வந்தது. செம்புடன் வெள்ளீயத்தைக் கலந்தால் வெண்கலம். செம்புடன் துத்தநாகத்தைக் கலந்தால் பித்தளை. வெண்கலம் வார்த்தல் முந்திய கலை. துத்தநாகத்தைத் தனியே பிரித்தெடுப்பது எளிதன்று. செம்பு உருகுவதற்கு 1,085 பாகை வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே ஆவியாகிப் பறந்துவிடும். அந்த ஆவியைக் குளிரச்செய்து பிடிக்கும் நுட்பம் இராசத்தானத்துச் சாவர் என்னுமிடத்தில் இடைக்காலத்திற் பெருந்தொழிலாக வளர்ந்தது. துத்தநாகம் மலிவாகக் கிடைத்த பின்னரே பித்தளை வீடுதோறும் புகுந்தது. இன்று கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில் குத்துவிளக்கிற்குப் பேர்பெற்றது. அவ்வூர்க் கம்மாளர், காவிரியின் வண்டல் மண்ணில் அச்சமைத்து, அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி என உறுப்புறுப்பாக வார்த்து, கடைந்து, மரையிட்டுப் பொருத்துகின்றனர்.

ஈழத்து உலோகக் கலைஞரும் இத்துறையிற் சளைத்தவரல்லர். தெதிகமையில் உள்ள கோட்டவிகாரைத் தூபியிற் கிடைத்த 12-ஆம் நூற்றாண்டு யானை விளக்கு இதற்குச் சான்று. தொங்கும் தட்டின் நடுவே வெண்கல யானையொன்று நிற்கின்றது. அதன் வயிறே எண்ணெய்க் கொள்கலம். தட்டில் எண்ணெய் குறைந்ததும் காற்று உட்புகும் வழி திறந்து, யானையின் வயிற்றிலிருந்து எண்ணெய் தானே ஒழுகும்; தட்டு நிரம்பியதும் ஒழுக்கு நின்றுவிடும். விளக்கு அணையலாகாது என்ற கவலை எத்துணை ஆழமானதாயின் ஒரு கம்மியன் இத்துணை நுட்பத்தைச் சிந்தித்திருப்பான்! அத்தகைய விளக்கிற்கும், யானையின் வயிற்றை நிரப்ப ஒருவன் வேண்டும். விளக்கு வரலாற்றின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. விளக்கைச் செய்தவன் ஒரு முறை செய்தான். எண்ணெய் வார்ப்பவன் நாள்தோறும் வார்க்க வேண்டும்.

இந்நாள்தோறும் என்ற சொல்லைச் சோழர் காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர். அவர்தம் கல்வெட்டுக்களில் நந்தாவிளக்கு அறம் மிகப் பரவலாகக் காணப்படுகின்றது. நந்துதல் என்பது அணைதல். அணையாது எரியும் விளக்கு நந்தாவிளக்கு. அதனை எரிக்க விரும்பியவர் பெரும்பாலும் ஆடுகளையே அளித்தனர். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களின்படி, ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள், அன்றேல் 48 பசுக்கள், அன்றேல் 16 எருமைகள். அவற்றைப் பெற்ற இடையர், நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளத்தல் வேண்டும். உழக்கு என்பது நாழியிற் காற்பங்கு. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 91 நாழி நெய்.

இக்கால்நடைகளைக் கல்வெட்டுக்கள் "சாவா மூவாப் பேராடு" என்று குறிக்கும். சாகாத ஆடும் மூப்படையாத ஆடும் உலகில் உண்டோ என வினவலாம். மந்தையில் ஓர் ஆடு இறப்பின், அதன் குட்டியொன்று அவ்விடத்தை நிரப்பும்; இடையன் மாறினும் மந்தையின் எண்ணிக்கை மாறாது; எண்ணிக்கை மாறாதவரை நெய் குறையாது; நெய் குறையாதவரை விளக்கு அணையாது. ஆட்டின் குட்டி ஈனும் இயல்பைக் கொண்டே அணையாத் தன்மையை அமைத்த கணக்கு இது. அறஞ்செய்தவன் மறைந்த பின்னும், அவனை அறியாத இடையன் ஒருவனின் பேரன் அவ்விளக்கிற்கு நெய் அளந்துகொண்டிருந்தான்.

கற்பிட்டிக்கு வடக்கே இதே மேற்குக் கரையில் அமைந்தது மாதோட்டம். பாடல்பெற்ற திருக்கேதீச்சரம் அங்கேயே உளது. சோழர் காலத்தில் அத்துறைமுக நகரில் எழுந்த கல்வெட்டொன்று, கோயிற் கட்டளைக்காகக் கொடுக்கப்பட்ட பொருளை ஏற்றவர் யாவரென்று கூறுகின்றது. சங்கரபாடியார் எனப்பட்ட எண்ணெய் வணிகரும், வெற்றிலை வாணிகரும், வாழைக்காய் வாணிகரும் அவருள் அடங்குவர். முதல் அவர்களிடம் நிற்கும். அதன் பொலிசை கோயிலைச் சேரும். உள்நாட்டில் இடையன் ஏற்ற பொறுப்பை இத்துறைமுகத்தில் அங்காடிக்காரர் ஏற்றனர். கடலோரத்தார்க்கு ஆடுகளைவிட வாணிகமே கைவந்தது. ஆதலின் விளக்கும் வாணிகத்தால் எரிந்தது.

இவ்வறம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. திருகோணமலையை அடுத்த வெல்கம் விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரும் அக்காலத்தில் வழங்கிற்று. அப்பௌத்தப் பள்ளிக்கு ஆதித்தப் பேரரையன் என்பவன் நந்தாவிளக்கு ஒன்றும் 84 பசுக்களும் அளித்ததை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு உரைக்கின்றது. சிவன்கோயிலில் எரிந்த அதே வகை விளக்கு, அதே மொழியில் எழுதிய அதே வகை ஒப்பந்தத்தோடு புத்தர் திருமுன்னும் எரிந்தது.

இனி, விளக்கின் சமயப் பொருளை நோக்குவோம். குத்துவிளக்கின் அடி பிரமன், தண்டு திருமால், மேற்பகுதி சிவன் என்றும், ஐந்து முகமும் ஐந்து நற்குணங்களைக் குறிக்கும் என்றும் பெரியோர் பொருளுரைப்பர். ஆழ்வார்களோ, உலகத்தையே அகலாகவும் கடலையே நெய்யாகவும் கண்டனர். அன்பை அகலாகவும் ஆர்வத்தை நெய்யாகவும் சிந்தையைத் திரியாகவும் கண்டனர். பெரியபுராணம் விளக்குத்தொண்டு புரிந்த அடியார் சிலரைப் போற்றுகின்றது. திருவாரூரில் நெய் கிடையாது நீர் வார்த்து விளக்கெரித்தார் நமிநந்தியடிகள். தில்லையில் எரிப்பதற்குப் புல்லும் போதாதவிடத்துத் தம் தலைமயிரையே எரிக்கத் துணிந்தார் கணம்புல்லர். திருவொற்றியூரில் செக்குத் தொழில் புரிந்த கலியநாயனார், செல்வம் முழுதும் தேய்ந்து எண்ணெய் இல்லாத நாளில் தம் குருதியையே வார்க்கக் கழுத்தை அரியலானார்; இறைவன் தடுத்தருளினான்.

இம்மூவர் வரலாற்றிலும் ஒரு பொதுமை உண்டு. வளம் நிறைந்த நாளில் அவர்கள் ஏற்றிய விளக்கைப் பற்றிப் புராணம் விரித்துப் பேசவில்லை. கை வறண்ட நாளில் விளக்கை என் செய்தனர் என்பதையே அது பேசுகின்றது. கல்வெட்டும் புராணமும் இங்கே ஒன்றுபடுகின்றன. விளக்கு என்பது இடையறாமல் நிறைவேற்ற வேண்டிய ஒரு வாக்குறுதி.

அவ்வாக்குறுதி இக்கரையில் கடுஞ்சோதனைக்கும் உள்ளாயிற்று. 1578-ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் முன்னேசுவரக் கோயிலை இடித்தழித்தனர். திருக்கேதீச்சரமும் அவர்கள் காலத்தில் அழிந்தது. 1753-இல் கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் முன்னேசுவரத்தைப் புதுப்பித்து மானியம் வழங்கினான். திருக்கேதீச்சரத்தை மீட்க வேண்டுமென ஆறுமுக நாவலர் 1872-இல் குரலெழுப்பினார். கருங்கற் கோயிலை இடிக்கலாம். செப்புப் படிமத்தை உருக்கலாம். ஆயின் இல்லங்களில் அந்தி தோறும் ஏற்றப்படும் அகலை எந்தப் படையாலும் எண்ணி அழிக்க முடியாது. கோயில்கள் மீண்டும் எழுந்தபோது, விளக்கேற்ற அறிந்த கைகள் ஊரில் இருந்தன.

இன்று இக்கரையில் இந்துக்களும் கத்தோலிக்கரும் இசுலாமியரும் பௌத்தரும் அருகருகே வாழ்கின்றனர். விழா மேடைகளில் வைக்கப்படும் பித்தளை விளக்கைக் கூர்ந்து நோக்குங்கள். இந்துக்களின் விளக்கின் உச்சியில் பெரும்பாலும் அன்னம். சிங்கள மரபு விளக்கில் சேவல். கிறித்தவர் விளக்கிற் சிலுவை. உச்சி வேறுபடினும் தண்டும் தட்டும் திரியும் ஒன்றே.

இவ்விளக்கிற்கு இன்று வந்துள்ள இடர் படையெடுப்பன்று; மறதியே. பாட்டியார் காலத்து விளக்கு பழைய பித்தளையென நிறுத்து விற்கப்படுகின்றது. சொடுக்கினால் மினுங்கும் மின்சுடர் அவ்விடத்திற்கு வருகின்றது. அதற்குத் திரியும் வேண்டா, எண்ணெயும் வேண்டா, துலக்கவும் வேண்டா. கடலோரத்து உப்புக் காற்றிற் பித்தளை விரைவிற் கறுக்கும். புளியின் அமிலத்தால் அக்களிம்பை நீக்கிக் கிழமைதோறும் துலக்குவது சிறு தொல்லையே. ஆனால், அத்தொல்லையை நீக்கினால் வழிபாட்டில் நம் பங்கு என எஞ்சுவது யாது? 96 ஆடுகளை மேய்த்த இடையனுக்கும், பொலிசை அளந்த எண்ணெய் வணிகனுக்கும் அத்தொல்லையே தொண்டாக இருந்தது.

ஆகவே நேயர்களே, உங்கள் இல்லத்தில் பழைய பித்தளை விளக்கொன்று பரணிற் கிடக்குமாயின், அதனை இறக்கித் துலக்குங்கள். விலை கேட்குமுன், அதற்கு எண்ணெய் வார்த்தவர் யாவரென வீட்டு முதியோரிடம் கேட்டு அறியுங்கள். அவர் கூறும் பெயர்களைச் சிறுவர்களுக்குஞ் சொல்லுங்கள். அடுத்து எண்ணெய் வார்க்க வேண்டியவர் அவர்களே.