அடையாறு சில்லும் திரும்ப மறுக்கும் செல்களும்

2018ஆம் ஆண்டு, அடையாறு பக்கம் உள்ள ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் வடிவமைக்கப்பட்ட "சக்தி" நுண்செயலி இரண்டு ஊர்களில் சிலிக்கானாகப் பிறந்தது. ஒன்று அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், இன்டெல் ஆலையில், 22 நானோமீட்டர் ஃபின்ஃபெட் நுட்பத்தில். ஜூலையில் வந்த முதல் தொகுதி 300 சில்லுகள், பெயர் ரைஸ்க்ரீக். மற்றொன்று சண்டிகரை அடுத்துள்ள அரசு ஆலையான எஸ்.சி.எல்.லில், 180 நானோமீட்டரில். அதன் பெயர் ரிமோ. பேராசிரியர் காமகோடியின் குழு 2014இல் தொடங்கிய வேலை இது. பத்திரிகைகள் "இந்தியாவின் முதல் நுண்செயலி" என்று கொண்டாடின. ஆனால் இரண்டு ஆலைகளுக்கும் ஒரே வரைபடத்தைச் சுருக்கியோ பெருக்கியோ அனுப்பிவிட முடியாது என்பதை யாரும் பெரிதாக எழுதவில்லை. ஒரு செல்லை எந்தப் பக்கம் திருப்பி வைக்கலாம் என்ற சின்ன விஷயமே இரண்டிலும் வேறு!

செல் என்றால் ஒரு நேண்ட் கேட், ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப் போன்ற சிறு செவ்வகம். கணக்குப்படி ஒரு செவ்வகத்தை எட்டு விதமாக வைக்கலாம்: நான்கு சுழற்சிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடி பிம்பம். லேஅவுட் கோப்புகளில் இவற்றுக்கு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று திசைப் பெயர்களே உண்டு. வாஸ்து பார்ப்பது போலத்தான்.

ஆரம்ப காலத்தில் செல் வரிசைகளுக்கு நடுவே கம்பிகள் ஓட இடைவெளி விடுவார்கள். உலோக அடுக்குகள் ஒன்றிரண்டுதான் இருந்தன, வேறு வழியில்லை. 1990களில் அடுக்குகள் கூடின. கம்பிகள் செல்களின் தலைக்கு மேலே போயின, இடைவெளி தேவைப்படவில்லை, வரிசைகள் ஒட்டிக்கொண்டன. அப்போது ஒன்று விட்டு ஒரு வரிசையைத் தலைகீழாகப் புரட்டினார்கள்.

ஏன் புரட்ட வேண்டும்? மயிலாப்பூரில் இரண்டு தெரு வீடுகள் கொல்லைப்புறத்தில் ஒட்டி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிணறு இருவருக்கும் பொது. வாசல் பக்கம் எதிர்வீட்டோடு தெரு பொது. செல்லிலும் அப்படியே: ஒரு விளிம்பில் மின்சாரப் பாதை, எதிர் விளிம்பில் தரைப் பாதை. மின்சாரப் பக்கம் பிஎம்ஓஎஸ் டிரான்சிஸ்டர்கள் உட்காரும் பகுதிக்குப் பெயரே என்-வெல், அதாவது கிணறு! புரட்டிய வரிசைகள் பாதையையும் கிணற்றையும் பங்கிட்டுக்கொள்கின்றன. இடம் மிச்சம்.

விலை என்ன? ஒரு வரிசையில் உட்காரும் செல்லுக்கு எட்டில் இரண்டு நிலைகளே மிஞ்சின: வரிசையின் நிலை, அதன் இட-வல பிம்பம். தவறான வரிசையில் புரட்டாமல் வைத்தால் மின்சாரமும் தரையும் ஒட்டி ஷார்ட் ஆகிவிடும். 90 பாகை திருப்பினால் பாதைகளே பொருந்தாது.

நினைவகம் போன்ற பெரிய கட்டங்கள் மட்டும் வரிசைக்கு வெளியே இருப்பதால் தப்பித்தன. 180 நானோமீட்டரில் அவற்றைப் பொதுவாகப் படுக்கவைக்கலாம், நிறுத்தலாம். அந்தச் சுதந்திரத்தையும் ஃபின்ஃபெட் பறித்தது. இன்டெல் 2011இல் அறிவித்த இந்த முறையில் டிரான்சிஸ்டர் என்பது மதில் போல எழும்பி நிற்கும் மெல்லிய சிலிக்கான் சுவர். சில்லு முழுக்கச் சுவர்கள் ஒரே திசையில் ஓட வேண்டும், கேட்கள் குறுக்கே. ஒரு நினைவகத்தைக் கால்வட்டம் திருப்பினால் அதன் சுவர்களும் திரும்பிவிடும், ஆலை ஏற்காது. கால்கள் ஒரே பக்கம் உள்ள நினைவகம் என்றால் அவற்றைக் கால்வட்டம் திருப்பிச் செயலி பக்கம் கொண்டுவர வழியில்லை. நினைவகத்தை எங்கே வைப்பது என்பதிலிருந்தே மறுபடி யோசிக்க வேண்டும். மேலிருக்கும் தர்க்கம் ஒன்றேயானாலும், கீழே வீட்டைப் புதிதாகத்தான் கட்டியாக வேண்டும்.

சொந்த நாட்டு ஆலை என்றால் 180தான் என்ற நிலையில் குழு அங்கேயே தொடர்ந்தது. 2020இல் மௌஷிக், 2025இல் இஸ்ரோவுடன் சேர்ந்து ஐரிஸ், இரண்டும் எஸ்.சி.எல். சில்லுகள். ஐரிஸ் கர்நாடகத்தில் பேக்கேஜ் ஆகி, குஜராத்தில் செய்த பலகையில் பொருத்தப்பட மீண்டும் சென்னைக்கே வந்து சேர்ந்தது.