குதிரைக்கு வைத்த குலப்பெயர்

உங்கள் தாத்தா பெயர் தெரியும். அவருடைய அப்பா பெயரும் தெரிந்திருக்கலாம். அதற்கு மேலே? திவசத்துக்குப் பெயர் சொல்கிற வீட்டில்கூட மூன்று தலைமுறையோடு சரி!

இங்கிலாந்தில் ஒரு குடும்பம், 600 வருடங்களுக்கு முன்பு கவசம் போட்டுக்கொண்டு குதிரையேறிய ஒரு 'நைட்'டைக் காட்டி, 'இவர் எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார்' என்று தெளிவாகச் சொல்லும். லண்டனில் பாதி பணக்காரத் தெருக்களுக்குச் சொந்தக்காரர்களான க்ரோவ்னர் குடும்பம் அது. (எழுத்தில் நடுவே ஒரு 'எஸ்' உண்டு. சொல்லும்போது விழுங்கிவிட வேண்டும்!) அந்த நைட்டின் பெயர் சர் ராபர்ட் க்ரோவ்னர். அவரைப் பற்றி இவ்வளவு விலாவாரியாக நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர் ஜெயித்த போர் அல்ல. தோற்றுப்போன ஒரு கேஸ்!

1385-ல் மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் ஸ்காட்லாந்து மீது படையெடுத்தார். பெரிய பெரிய பிரபுக்கள் அவரவர் கேடயச் சின்னத்தோடு வந்து சேர்ந்தார்கள். முகமே தெரியாத இரும்புக் கவசத்துக்குள் யார் இருக்கிறார் என்று அடையாளம் சொல்வது அந்தச் சின்னம்தான். அங்கே சர் ரிச்சர்ட் ஸ்க்ரூப் என்ற பெரிய மனிதர் திடுக்கிட்டுப்போனார். நீல நிறக் கேடயத்தில் குறுக்கே சாய்வாக ஒரு தங்கப்பட்டை. அது அவருடைய சின்னம். அதே சின்னத்தோடு செஷயர் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் சர்வசாதாரணமாக உலவிக்கொண்டிருக்கிறார்! அவர்தான் நம்ம ராபர்ட்.

'யாரைக் கேட்டு இதைப் போட்டாய்?' என்று ஆரம்பித்தது, ஐந்து வருட வழக்காக நீண்டது. வீரர்களின் கௌரவப் பிரச்னைகளுக்கென்றே இருந்த ஒரு தனி நீதிமன்றம் விசாரித்தது. பர்த் சர்ட்டிபிகேட் இல்லாத காலம். 'என் தாத்தாவும் இதைத்தான் போட்டார்' என்பதை எப்படி நிரூபிப்பது? மனிதர்களின் ஞாபகம்தான் ஒரே ஆவணம். நூற்றுக்கணக்கான சாட்சிகள் வந்தார்கள். வயது, எத்தனை வருடம் ஆயுதம் ஏந்தினார், எந்தப் போரில் யாரைப் பார்த்தார் எல்லாம் எழுதப்பட்டது. துறவிகள் வந்து, எங்கள் மடத்துக் கண்ணாடி ஜன்னலில் இந்தச் சின்னம் இருக்கிறது, இன்ன கல்லறையில் இருக்கிறது என்று சொன்னார்கள்.

1386 அக்டோபரில் சாட்சிக் கூண்டுக்கு வந்தவர்களில் ஒருவர் ஜெஃப்ரி சாஸர். ஆமாம், ஆங்கிலக் கவிதையின் தந்தை என்கிறார்களே, அவரேதான்! இளவயதில் பிரான்ஸில் போருக்குப் போய்ச் சிறைப்பட்டவர். அங்கே ஸ்க்ரூப் ஆட்கள் இந்தச் சின்னத்தோடு இருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. ஒருமுறை லண்டனில் ஃப்ரைடே ஸ்ட்ரீட் வழியாக நடந்துபோனபோது, ஒரு சத்திரத்து வாசலில் இந்தச் சின்னம் தொங்கியதாம். 'ஸ்க்ரூப் சின்னத்தை இங்கே யார் மாட்டியது?' என்று கேட்டிருக்கிறார். 'ஐயா, இது சர் ராபர்ட் க்ரோவ்னருடையது' என்று பதில் வந்ததாம். அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதே அன்றைக்குத்தான்! ராபர்ட்டின் வழக்குக்கு இதைவிடப் பெரிய அடி வேறென்ன வேண்டும்?

ராபர்ட் தரப்பும் சும்மா இல்லை. 1066-ல் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையெடுத்து வந்தபோதே எங்கள் முன்னோர் கூட வந்தார் என்று வம்சாவளியை அடுக்கினார்கள். ஒரு மடாதிபதி இதற்குச் சாட்சி. ஆனால், பிற்கால ஆராய்ச்சியாளர்கள் தேடியவரை 1066-ல் அப்படி ஓர் ஆள் வந்ததற்குத் தடயமில்லை. (கார்ன்வாலைச் சேர்ந்த இன்னொரு குடும்பமும் இதே சின்னத்துக்கு உரிமை கொண்டாடியது. அவர்கள் ஆர்தர் ராஜா காலத்திலிருந்தே வைத்திருக்கிறார்களாம்! அப்புறம் யார் பேசமுடியும்?)

1389-ல் தீர்ப்பு, ஸ்க்ரூப் பக்கம். 'வேண்டுமானால் சுற்றிலும் வெள்ளிக் கரை போட்டு அதையே வைத்துக்கொள்' என்று ராபர்ட்டுக்கு ஒரு சலுகை. 1390-ல் மன்னர் அதையும் பறித்துவிட்டார். கரைபோட்டுக் கொள்வது பங்காளிகளுக்கானது, அந்நியனுக்கு எதற்கு? ராபர்ட் கடைசியில் தங்கக் கோதுமைக் கதிர்க்கட்டு ஒன்றைச் சின்னமாக்கிக்கொண்டார். மானம் போயிற்று, சாட்சியங்கள் மட்டும் இன்றைக்கும் இருக்கின்றன.

அவருடைய பேரன் வழியில் குடும்பம் செஷயரின் ஈட்டன் கிராமத்தில் வேரூன்றியது. 1677-ல் சர் தாமஸ் க்ரோவ்னர், மேரி டேவிஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். சீர்வரிசை, லண்டனுக்கு மேற்கே சுமார் 500 ஏக்கர் சதுப்பும் மேய்ச்சல் நிலமும்! இன்றைய மேஃபேரும் பெல்கிரேவியாவும் அதுதான். அதில் வந்த வாரிசுதான் வெஸ்ட்மின்ஸ்டரின் முதல் டியூக். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் ஹ்யூ லூப்பஸ். வில்லியத்தோடு வந்ததாகச் சொல்லப்பட்ட அந்த முன்னோர் யாருடைய உறவு என்றார்களோ, அந்தச் செஸ்டர் பிரபுவின் பெயர். ஆதாரமில்லாத பாட்டனை விட மனசில்லை!

ஐந்நூறு வருடக் கோபமும் ஆறவில்லை. டியூக் தன் பந்தயக் குதிரைக்கு வைத்த பெயர் 'பெண்ட் ஆர்'. சின்ன சாஸ்திரத்தில் அதற்கு அர்த்தம், 'தங்கப்பட்டை'! கோர்ட்டில் போனதைக் குதிரை மீது எழுதிக்கொண்டார். 1880-ல் அது டெர்பியையே ஜெயித்தது.

ஜெயித்த கையோடு வந்தது புகார். தோற்ற குதிரையின் சொந்தக்காரர்கள், 'இது பெண்ட் ஆரே இல்லை. டாட்காஸ்டர் என்ற இன்னொரு குதிரை. குட்டியாக இருந்தபோதே லாயத்தில் மாறிவிட்டது' என்றார்கள். வேலையை இழந்த ஒரு லாயக்காரர் சொன்னது அது. விசாரித்தார்கள், தள்ளுபடி!

குதிரையின் எலும்புக்கூடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விஞ்ஞானிகள் அதன் எலும்பிலிருந்து, தாய் வழியாக மட்டுமே இறங்கிவருகிற டி.என்.ஏ-வை எடுத்துப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வந்தது. பெண்ட் ஆரின் தாய் என்று பதிவேட்டில் இருக்கிற ரூஜ் ரோஸ் வம்சத்தோடு அது பொருந்தவில்லை. டாட்காஸ்டரின் தாயான க்ளெமென்ஸ் வம்சத்தோடு பொருந்தியது. லாயக்காரர் சொன்னது நிஜம்!

ஒரே ஆறுதல், இரண்டு குட்டிகளுக்கும் அப்பன் ஒன்றுதான்... டாங்காஸ்டர் என்ற குதிரை. இன்றைக்கு உலகம் முழுக்க ஓடும் உயர்ரகப் பந்தயக் குதிரைகளில் மிகப்பெரும்பாலானவை தந்தை வழியில் இந்தப் 'பெண்ட் ஆர்' வரை போகின்றன. அவற்றின் வம்சாவளியில் அந்த இடத்துக்கு வந்ததும், தகப்பன் பெயர் சரி. தாய் பெயர் தப்பு.