பெருமாள்மலையில் ஒரு ஜென் கூடம் பிறந்த கதை

செட்டிநாட்டு அரியக்குடியில் எந்த வளவு வீட்டுக்குள் போனாலும் பர்மாத் தேக்குத் தூண் ஒன்று எதிரே நிற்கும். கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யக் கப்பலேறிய நகரத்தாரைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேசாத நாளில்லை. பர்மாவில் பிழைக்கப்போன தமிழ்க் கிறிஸ்தவர்களைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை. அப்படி அங்கே இருந்த ஒரு குடும்பத்தில் 1936-இல் பிறந்தவர் அருள் மரிய ஆரோக்கியசாமி. உலகம் அறிந்த பெயர் அமா சாமி.

இயேசு சபையில் சேர்ந்து குருவானவர். பூசை, செபம், படிப்பு எல்லாம் இருந்தும் உள்ளே ஒரு தவிப்பு ஆறவில்லை. திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குப் போனார். சில காலம் பிச்சையெடுத்து உண்டு துறவியாக அலைந்தார். இந்தத் தவிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். வேதம் கசந்து வெளியேறியவரல்ல. அதன் ஆழம் போதவில்லை என்று தேடியவர்.

ஜென் என்ற பௌத்தத் தியான வழியை அவருக்குக் காட்டியவர் இன்னொரு இயேசு சபைக் குரு, ஜெர்மானியரான ஹியூகோ லசால். 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது காயத்தோடு தப்பியவர். ஜென் பயின்றும் கடைசிவரை கத்தோலிக்கக் குருவாகவே இருந்தவர். அவர் உதவியால் அமா சாமி ஜப்பானின் காமகுராவுக்குப் போய் யமடா கோவுனிடம் பயின்றார். யமடா துறவியல்ல, மருத்துவமனை ஒன்றின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டே ஜென் கற்பித்த குடும்பஸ்தர். தன்னிடம் வந்த கிறிஸ்தவக் குருக்களையும் கன்னியரையும் மதம் மாறச் சொன்னதில்லை.

அங்கே பாடம் என்பது உட்காருவதுதான். கண்ணைப் பாதி திறந்து, முதுகை நிமிர்த்தி, ஒன்றிலிருந்து பத்துவரை மூச்சை எண்ணுவது. மனம் ஓடினால் மறுபடி ஒன்று. பிறகு குருவின் முன் தனியே மண்டியிட்டு, 'நாய்க்குப் புத்த இயல்பு உண்டா?' என்பது போன்ற புதிருக்குத் தன்னையே விடையாக வைக்க வேண்டும். வேத சாஸ்திரம் படித்தவருக்கு அந்த இடத்தில் படிப்பு கைகொடுக்காது.

1982-இல் கற்பிக்கும் அனுமதியோடு அமா சாமி ஜென் குருவானார். 1989 செப்டம்பரில் யமடா மறைந்தார். அடுத்த மாதத் தேதியிட்டு, ஜென் போன்ற கீழைத் தியான முறைகளைக் கிறிஸ்தவர்கள் கையாளும்போது எச்சரிக்கை தேவை என்று வத்திக்கானிலிருந்து கடிதம் வந்தது. அந்த எச்சரிக்கையில் நியாயம் இல்லாமலில்லை. தந்தையே என்று கூப்பிட்டுச் செபிப்பதும், கூப்பிட யாருமில்லாத மௌனத்தில் அமர்வதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாகக் கரைத்துக் கூழாக்குகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. அமா சாமி கரைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே, இரண்டின் இழுப்பையும் தாங்கி நின்றார். அதனால்தான் அவரிடம் எனக்கு மரியாதை.

1996-இல் கொடைக்கானல் சாலையில் பெருமாள்மலையில் போதி ஜென்டோ என்ற ஜென் கூடம் எழுந்தது. ஜென்னின் மூல குருவான போதிதர்மர் தென்னாட்டிலிருந்து சீனம் போனார் என்பது மரபு. அவர் வழி வந்த தியானத்தை ஜப்பானிலிருந்து தமிழ்நாட்டு மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு. ஜப்பானிய முறைத் தோட்டமும் தியானக்கூடமுமாக நிற்கும் அந்த இடத்துக்கு ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் வந்து அமர்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்றவரா என்று யாரையும் கேட்பதில்லை. பெற்றவரை அதை விட்டுவிடச் சொல்வதுமில்லை.